முறமும் அதன் பயனும்

நம் இல்லத்துப் பொருள்களுள் விலை மிக்கவற்றைக் கூடத்தில் வைத்து வருவோர்க்குக் காட்டுகின்றோம். விலை குறைந்தவற்றை அடுக்களையில் மறைத்து வைக்கின்றோம். அங்ஙனம் அடுக்களைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டு, வருவோர் ஒருவராலும் வினவப்படாது, ஆயினும் அவ்வீட்டார் உண்ட ஒவ்வொரு பிடிச் சோற்றிற்கும் முன்னின்று உழைத்த கருவி ஒன்றுண்டு. அதுவே முறம். கல்லூரி மலரில் எழுதுதற்கு இதுவோ பொருள் என நகைப்பார் நகைக்க. நகைத்து முடிந்தபின், தம் வீட்டில் முறம் பிடிக்கத் தெரிந்தவர் எத்துணையர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு மட்டும் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையது. அங்கே இதனை முறம் என்பார் அரியர். சுளகு என்றே வழங்குவர். பேச்சில் அது சொளகு ஆகும். யாழ்ப்பாணத்தாரும் சுளகு என்பர். வடபகுதியில் முறம் என்பதே பெருவழக்கு. மலையாளத்தார் முறம் என்றும், கன்னடத்தார் மொர என்றும், தெலுங்கர் சேட என்றும் கூறுவர். சிறு முறத்திற்கு முச்சில் என்றொரு பெயர் நம் பழைய நூல்களிற் காணப்படும். வடமொழியில் இது சூர்ப்பம். முறம்போன்ற நகங்களை உடையாள் என்னும் பொருளிலேயே இராவணன் தங்கைக்குச் சூர்ப்பணகை என்னும் பெயர் அமைந்தது. விநாயகனைச் சூர்ப்பகர்ணன் என்பதும் முறம்போன்ற செவியுடையான் என்பதுபற்றியே. நம் சங்கப் புலவரும் யானையை முறஞ்செவி என்னும் அடைகொடுத்துப் பாடினர்.

இவ்வடைமொழியை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். உவமை என்பது அறியாத பொருளை அறிந்த பொருளால் விளக்குவது. காட்டு யானையைக் கண்டறியாத கேட்போர்க்கு அதன் செவியின் அகலமும், முன்னும் பின்னும் அசையும் இயல்பும் விளங்கவேண்டிப் புலவர், அவர் நாள்தோறும் கண்ட முறத்தை எடுத்துக் காட்டினார். இந்நாளிலோ நம் மாணவர் யானையைக் கோயில்வாயிலிற் கண்டிருக்கின்றனர். முறத்தை அடிக்குறிப்பில்தான் காண்கின்றனர். யானையின் செவியைக் காட்டி முறத்தை விளக்கவேண்டிய நிலைமைக்கு ஆசிரியர் வந்துவிட்டோம்.

முறம் முடைவது எளிய தொழில்போலத் தோன்றும், அன்று. முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, பிளந்து, பிளாச்சுகளாக்கி, அவற்றை மேலும் மெல்லியவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிறங்குமாறு பின்னி, பின்புறமும் இருபக்கமும் மேல்நோக்கி வளையுமாறு மடித்து, விளிம்பில் தடித்த மூங்கிற் பத்தையை வைத்துக் கட்டுவர். முன்புறம் திறந்தே இருக்கும். மூன்று பக்கம் மதிலும் ஒரு பக்கம் வாயிலுமாக உள்ள இவ்வமைப்பே முறத்தின் உயிர் என்பதைப் பின்னர்க் கூறுவேன். புதிய முறத்தைச் சாணமிட்டு மெழுகிக் காயவைத்தபின்னரே வழங்குவர். ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்துப் பூசுவாரும் உளர். அப்பூச்சினால் பின்னலின் இடுக்குகள் அடைபடும். எள்ளும் கேழ்வரகும் போன்ற நுண்ணிய மணிகள் ஒழுகா. முறமும் நெடுநாள் உழைக்கும்.

மூங்கிலைப்பற்றி ஈண்டு ஒரு சிறு செய்தி கூறாது அப்பால் செல்ல மனமில்லை. வெளிப்புறத்தே வயிரம் உடையன புல் என்றும், உட்புறத்தே வயிரம் உடையன மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. அவ்வகுப்பின்படி மூங்கில் புல்லினம். இக்காலத்துத் தாவர நூலாரும் அதனைப் புல்லின் குடும்பத்திலேயே நெல்லோடு ஒருங்கு வைக்கின்றனர். ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரத்தோடு சேர்த்தெண்ணியது. அதனால், காட்டிற்குப் புறத்தே தன் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் எளியோர் பல இடங்களில் உரிமைச்சீட்டு வேண்டி அலைந்தனர். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமன்று என 2017-ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் திருத்தப்பெற்றது. தொண்ணூறு ஆண்டு சட்டநூலார் அறியாத ஒன்றைத் தொல்காப்பியம் கற்ற நம் இண்டர்மீடியட் மாணவன் அக்காலத்தே அறிந்திருப்பான். மூங்கிலும் புல், நெல்லும் புல் ஆதலின், ஒரு புல்லைக்கொண்டு மற்றொரு புல்லைத் தூய்மை செய்யும் கருவியே முறம் என்க.

இனி, முறத்தால் செய்யப்படும் தொழில்களைக் காண்போம். ஆங்கிலம் கற்ற நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றோம். நம் பாட்டிமாரோ ஒவ்வோர் அசைவிற்கும் ஒவ்வொரு வினைச்சொல் வைத்திருந்தனர். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல் என அவை பலவாகும். ஊர்தோறும் பொருளில் சிறு வேறுபாடு உண்டாயினும், இவற்றுள் முதன்மையான மூன்றின் இயல்பை அறிந்தால் போதும்.

புடைத்தலாவது, தானியத்தை முறத்திலிட்டு மேலே எறிந்து, விழும்போது முறத்தால் ஏற்று அடித்தல். தானியம் எழுந்து விழும் அவ்விமைப்பொழுதில் பதரும் உமியும் தூசியும் வாய்ப்புறமாக வெளியேறும். காற்று வீசாத அறையினுள்ளும் இது நிகழக் காண்கின்றோம். அக்காற்று எங்கிருந்து வந்தது? முறமே அதனை உண்டாக்கிற்று. மேலே எழும் முறமும் கீழே விழும் தானியமும் இடையிலுள்ள காற்றை நெருக்குகின்றன. மூன்று பக்கமும் அடைபட்டிருத்தலின் அக்காற்று திறந்த வாய்வழியே விரைந்து பாய்கின்றது. பாயும்போது இலேசானவற்றைத் தன்னோடு கொண்டுபோகின்றது. மதில் மூன்றும் வாயில் ஒன்றும் என மேலே கூறியதன் பயன் இதுவே. துருத்தியும் சல்லடையும் ஒன்றாக இயைந்த பொறி என்று இதனைக் கூறலாம். ஆனால் துருத்திக்குரிய தோலும் இல்லை. சல்லடைக்குரிய துளையும் இல்லை.

கனமானதும் இலேசானதும் ஒரே வேகத்தில் விழும் என்று கலீலியோவின் பாடத்தில் படித்தோமே, பின் உமி ஏன் பிரிந்து போகின்றது என வினவும் மாணவரும் உளர். வினா நன்று. அவ்விதி காற்றில்லாத வெளிக்கே முழுதும் பொருந்தும். 1971-ஆம் ஆண்டில் அப்பல்லோ 15 கலத்திற் சென்ற டேவிட் ஸ்காட் என்பார், சந்திரமண்டலத்தில் நின்று சம்மட்டி ஒன்றையும் பறவையிறகு ஒன்றையும் ஒருசேர விட, இரண்டும் ஒருங்கே தரையை அடைந்ததை உலகம் கண்டது. அங்கே ஒரு பாட்டியை அழைத்துச் சென்று முறத்தைக் கையிற் கொடுத்தால் பதரும் நெல்லும் சேர்ந்தெழுந்து சேர்ந்தே விழும். பாட்டி சினந்து முறத்தை எறிந்துவிடுவாள். இங்கோ காற்று தடுக்கின்றது. நெல்மணிக்குப் பருமன் சிறிது, எடை பெரிது. உமிக்குப் பரப்பு பெரிது, எடை சிறிது. ஆதலின் காற்றின் தடை உமியையே மிகுதியும் வெல்கின்றது.

கொழித்தலோ எறிதலன்று. முறத்தைச் சிறிது சாய்த்துப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்தலாகும். அரிசியோடு கலந்த கல்லையும் மண்ணையும் பிரிக்க இதுவே வழி. கல் அரிசியளவே சிறிதாயிருப்பின் சல்லடையாற் பயனில்லை. உமிபோல் இலேசாயிராமையின் புடைத்தலாலும் பயனில்லை. எடை ஒன்றுதான் வேறுபாடு. அரிசியின் செறிவு நீரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மணலாகும் படிகக்கல்லின் செறிவு 2.65 மடங்கு. அசைக்க அசைக்கக் கல் அரிசியினூடே வழிகண்டு அடியில் இறங்கிவிடும். அடியில் இறங்கிய கல்லை முறத்தின் பின்னல் பற்றிக்கொள்ளும். மேலே மிதக்கும் அரிசி வாய்நோக்கி வழிந்து கீழுள்ள பாத்திரத்தில் விழும். இறுதியில் முறத்தின் ஒரு மூலையில் ஒரு பிடி அரிசியும் அதனுள் கல் முழுவதும் எஞ்சும். அவ்வொரு பிடியைக் கையாற் பொறுக்குவது எளிது.

நொய்யும் முழு அரிசியும் பிரிவதும் அசைத்தலாலேயே. ஆனால் காரணம் வேறு. இவை செறிவில் ஒத்தன, பருமனில் வேறாயின. பலவேறு பருமனுள்ள மணிகளை ஒருங்கு குலுக்கினால் சிறியன இடுக்குகளின் வழியே கீழிறங்கப் பெரியன மேலெழும். அமெரிக்கப் பௌதிக ஆராய்ச்சி இதழொன்றில் 1987-ஆம் ஆண்டில் இதனை ஆய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. பலவகைக் கொட்டைகள் கலந்த டப்பாவில் பிரேசில் கொட்டை எப்போதும் மேலே இருப்பது ஏன் என்பதே அதன் தலைப்பு. அறிஞர் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்த அப்பொருளை எங்கள் ஆச்சி ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை; ஆனால் அதனைக்கொண்டு நாள்தோறும் குருணையைப் பிரித்துக் கஞ்சிக்கு வைத்தாள்.

தெள்ளுதல் மிக நுண்ணிய தொழில். இடித்த மாவில் கப்பியும் தவிடும் போக, மென்மையான மாவை மட்டும் எழுப்பிப் பிரித்தல் அது. இதற்கு எறியும் வலிமை வேண்டா. மணிக்கட்டின் அடக்கமே வேண்டும். தெள்ளிய மாவு என்பதிலிருந்தே தெள்ளிய அறிவு, தெள்ளியோர் என்னும் வழக்குக்கும் செல்கின்றோம். களத்தில் காற்றை எதிர்பார்த்து நின்று உயரத்திலிருந்து நெல்லைச் சொரிதல் தூற்றுதல். பிறர் குற்றத்தைக் காற்றிலே பறக்கவிடுதற்கும் அச்சொல்லையே வைத்தனர். அதிற் பதர் மட்டும் பறப்பதில்லை என்பதே வேறுபாடு.

எங்கள் ஆச்சியைப்பற்றிக் கூறினேன். அவள் எழுத்தறியாதவள். பிற்காலத்தில் இருகண்ணிலும் புரை விழுந்து பார்வை ஏறக்குறைய முற்றும் போயிற்று. எனினும் வீட்டில் அரிசி கொழிக்கும் வேலையை வேறொருவர்க்கும் விடமாட்டாள். விடுமுறைக்குச் சென்றிருந்த யான், அப்போது பி.எஸ்ஸி. வகுப்பில் படித்துவந்த செருக்கினால், கண் தெரியாதவள் பொறுக்கிய கல் நம் பல்லுக்குத்தான் வந்துசேரும் என எள்ளி நகையாடினேன். அவள் சினந்திலள். “கல்லு வேற சத்தம் போடும் ஐயா, அரிசி வேற சத்தம் போடும், கண்ணு எதுக்கு?” என்றாள். யான் அருகமர்ந்து கேட்டேன். அரிசி மூங்கிலின்மேல் உருளுங்கால் மழைத்தூறல்போல் ஓர் ஒலி. அதனிடையே எப்போதோ ஒருமுறை சிறிது கூர்மையான ஒலி. அவ்வொலி எழுந்த இடத்தை அவள் விரல் அக்கணமே சென்று தொட்டது. எடுத்தது கல்லே.

பின்னர்ச் சுளகை என் கையில் தந்தாள். செறிவும் ஈர்ப்பும் காற்றின் தடையும் ஆகிய எல்லாவற்றையும் தேர்வில் எழுதி நன்மதிப்பெண் பெற்றவன் யான். மூன்றாம் அசைவில் அரைப்படி அரிசி முற்றத்தில் கிடந்தது. வீட்டிலுள்ளோர் நகைத்தனர், ஆச்சி மட்டும் நகையாது, தரையைத் தடவித் தடவி அரிசியை அள்ளி எடுத்து, மீண்டும் மண்போகக் கொழித்து முடித்தாள். அரிசியின் ஒரு மணியும் வீணாதல் அவட்கு உடன்பாடன்று. அன்று யான் பேசியதற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தேனல்லேன். அடுத்த விடுமுறைக்குச் செல்லுமுன் அவள் இறந்துபோயினாள்.

எங்கள் வீடு பெருங்குடும்பம். நாளொன்றுக்கு இரண்டு படி அரிசி உலையிலிடுவர். அவள் மருமகளாய் வந்த நாள்முதல் அறுபது ஆண்டு அவ்வேலையைச் செய்தாள் எனக் கொண்டால், 43,800 படி அரிசி அவள் கைவழியே சென்றிருத்தல் வேண்டும். உளுந்து, பயறு, கேழ்வரகு ஆகியன இக்கணக்கிற் சேரா. புலியை முறத்தால் அடித்து விரட்டிய தமிழ்ப்பெண்ணின் கதையை மேடைகளிற் பலர் முழங்கக் கேட்டிருக்கின்றேன். புலி ஒருநாள் வரும், ஒருநாள் போகும். ஆண்டின் 365 நாளும் கல்லை விரட்டியவளைப்பற்றி ஒருவரும் முழங்கக் கேட்டிலேன்.

கல்லை விரட்டுதல் சிறிய தொண்டன்று. சோற்றிற் கல் கடித்துப் பல் உடைந்தாரை நாம் அறிவோம். அதனினும் பெரிய கேடுகளும் தானியத்தோடு கலந்து வருவதுண்டு. பிரமதண்டு எனவும் குடியோட்டுப்பூண்டு எனவும் கூறப்படும் முட்செடியின் விதை கடுகுபோலவே கரிதாய்ச் சிறிதாயிருக்கும். அவ்விதையின் நெய் கடுகுநெய்யிற் கலந்தால் உடல் வீங்கி நெஞ்சு தளர்ந்து உயிர்போகும். 1998-ஆம் ஆண்டில் டில்லியில் இந்நோய் பரவி 60-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஈண்டு முறத்தின் எல்லையையும் நேர்மையோடு கூறவேண்டும். கடுகும் அவ்விதையும் பருமனிலும் தோற்றத்திலும் நெருங்கியன ஆதலின் முறம் அவற்றைப் பிரித்துத் தருமென நம்புதற்கில்லை. நெய்யாய் ஆட்டப்பெற்றபின் எக்கருவியாலும் அடுக்களையில் பிரித்தல் இயலாது. வீட்டார் கண்முன் தானியமாக வந்து, வீட்டார் கையாலே ஆராயப்பெற்ற பொருளிலேயே முறத்திற்கு ஆட்சி உண்டு. மாவாகவும் நெய்யாகவும் கட்டுப் பொட்டலமாகவும் வாங்குமிடத்து ஆராயும் கடமையைப் பிறரிடம் ஒப்புவித்துவிடுகின்றோம். ஒப்புவித்தல் குற்றமன்று, ஒப்புவித்தோம் என்பதை மறத்தலே இடர் தரும்.

உரலும் உலக்கையும் முறமும் சேர்ந்து செய்த தொழிலில் மற்றொரு நன்மையும் அவர் அறியாமலே விளைந்தது. நூறு பங்கு எடையுள்ள நெல்லில் உமி ஏறத்தாழ 20 பங்கு, தவிடு 10 பங்குக்குச் சிறிது குறையலாம், எஞ்சியதே வெள்ளரிசி. முறம் உமியை முற்றும் நீக்கும். தவிட்டிற் சிறிது அரிசியிலேயே ஒட்டிநிற்க விட்டுவிடும். ஆலையோ அதனையும் தீட்டி எடுத்து முத்துப்போல் வெளுத்துத் தருகின்றது. 1890-களில் ஜாவாவிலிருந்த எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு சேர்ந்த அரிசி கொடுத்தபின் அவை தேறி எழுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் அவ்வழியே வெளிப்பட்டது. தவிட்டில் உள்ள அச்சத்தே பின்னர் வைட்டமின் பி-1 எனப் பெயர் பெற்றது. எய்க்மானுக்கு 1929-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் கிடைத்தது. எங்கள் ஊரில் தவிட்டை மாட்டிற்கும், கருக்காயைக் கோழிக்கும், உமியை அடுப்பிற்கும், நொய்யை நோயாளியின் கஞ்சிக்கும் பகுத்து வைத்தனர். கழிவென்று தெருவிலெறிந்தது கல் ஒன்றையே.

முறத்தின் வேலையைப் பொறிகள் ஏற்றுக்கொண்ட வரலாறும் சுவையுடையது. கைப்பிடியைச் சுழற்றிக் காற்றெழுப்பித் தானியத்தைத் தூற்றும் பெட்டி சீனத்திற் பண்டே வழங்கிற்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஹாலந்து வழியாக ஸ்காட்லந்தை அடைந்தபோது, காற்றை அனுப்புதல் கடவுள் செயல், அதனை மனிதன் பொறியால் உண்டாக்குதல் பாவம் என்று சில பக்தர்கள் தடுத்தனராம். அம்மனப்பான்மையை ஸ்காட் தம் ‘ஓல்ட் மோர்ட்டாலிட்டி’ என்னும் நாவலில் எடுத்துக்காட்டி நகைத்திருக்கின்றார். அவர்கள் நம் நாட்டிற்கு வந்திருப்பின், வீடுதோறும் பெண்டிர் அப்பாவத்தை நாள்தோறும் செய்துவருதலைக் கண்டு திடுக்கிட்டிருப்பர். இக்கால அரிசியாலைகளில் கல் நீக்கும் பொறி ஒன்றுண்டு. சாய்ந்த தட்டு ஒன்று விரைந்து அதிரும். அடியிலிருந்து காற்று எழும். அரிசி காற்றில் மிதந்து தாழ்ந்த பக்கம் வழியும். கல் தட்டிற் படிந்து அதிர்வால் உயர்ந்த பக்கம் ஏறும். பொறியின் உரையைக் கழற்றிவிட்டு நோக்குவார்க்கு உள்ளே அசைவது ஒரு பெரிய சுளகே என்பது புலனாகும்.

பிறநாட்டுத் தூற்றுகருவி எல்லாம் முறமல்ல. பாலஸ்தீனத்து உழவர் களத்திற் பொலியை மரத்தால் செய்த வாரியால் வாரி மேலே எறிந்து தூற்றினர். மத்தேயு, லூக்கா என்னும் சுவிசேஷங்களின் கிரேக்க மூலத்தில் யோவான் ஸ்நானன் வாயில் வரும் சொல் அக்கருவியையே குறிப்பது. தமிழில் மொழிபெயர்த்தோர் அதனைத் தூற்றுக்கூடை ஆக்கினர். கருவி மாறினும் தொழில் மாறாமையால் பொருள் கெடவில்லை; தமிழ் உழவனுக்கு உடனே விளங்கவும் செய்தது. ஹோமரின் ஒடிசியில் வரும் குறிப்பு இதனினும் இனிது. கடலில் அல்லலுற்ற ஒடிசியசை நோக்கி, துடுப்பைத் தோளிற் சுமந்து உள்நாடு நோக்கி நட, எவ்விடத்து ஒருவன் அதனைத் தூற்றுகருவி என மயங்குகின்றானோ அவ்விடத்து நின்று வழிபாடு செய் என்று தீர்க்கதரிசி கூறுகின்றான். கடலையே அறியாத மக்களின் நாடு என்பதற்கு இதனினும் நல்ல அடையாளம் ஏது? தண்டின் தலையில் அகன்ற பலகை பொருந்திய அவர்களுடைய கருவியை மனத்திற் கொண்டாலன்றி இவ்விடம் விளங்காது. நம் முறத்தை நினைத்துப் படித்த மாணவர் ஒருவர், துடுப்பைச் சுளகென எண்ணுபவன் குருடனாகத்தான் இருத்தல் வேண்டும் என விடைத்தாளில் எழுதியிருந்தார். அவரைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை.

முறத்தின் பிற பயன்களை விரிப்பிற் பெருகும். வடகம் காயவைக்கவும், கீரை ஆயவும், புளியில் கொட்டை நீக்கிப் பரப்பவும், அடுப்பை விசிறவும் அதுவே உதவும். பிறந்த குழவியைச் சுளகிலிட்டு எடுக்கும் வழக்கம் நம் நாட்டிற் பல குடிகளில் இருந்தது. பண்டைக் கிரேக்கரும் தூற்றுக்கூடையைத் தொட்டிலாக வழங்கினர். தென்மாவட்டங்களில் பொங்கலுக்குப் புதுச்சுளகு வாங்குவர். கன்னட நாட்டில் கௌரி விழாவின்போது சுமங்கலிகள் முறத்தில் மங்கலப் பொருள்களை வைத்து மற்றொரு முறத்தால் மூடி ஒருவர்க்கொருவர் வழங்குவர்.

நன்னூலார் மாணாக்கரை மூவகையாக்கி, கடையாய மாணாக்கர்க்குக் கூறிய உவமைகளுள் நெய்யரி ஒன்று. நெய்யை ஒழுகவிட்டு அதிற் கிடந்த எறும்பையும் கசடையும் தன்னிடத்தே பற்றிக்கொள்வது அது. முறத்தின் செயல் அதற்கு நேர்மாறானது. ஆயினும் தலைமாணாக்கர்க்கு உவமை தேடியபோது பவணந்தியார் அன்னத்தையும் ஆவையும் நாடினாரேயன்றி முறத்தை நாடினாரல்லர். அன்னம் பாலைப் பிரித்துண்டதை நம்மில் ஒருவரும் கண்டதில்லை. முறம் பிரித்ததைக் காணாதவர் அக்காலத்து ஒருவரும் இல்லை. இலக்கண ஆசிரியரைக் குறைகூறுதல் முறையன்றாயினும், இவ்வொன்றில் மட்டும் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு.

2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியபின் எங்கள் வீட்டிலும் சாமையும் வரகும் வாங்கத் தொடங்கினோம். ஊரிலிருந்து நேரே வருவன ஆதலின் பொடிக்கல்லும் உடன்வந்தது. அக்கல்லும் சாமையின் அளவே உள்ளது; சல்லடை தோற்றது. அதன்பின்னரே, ஆச்சி இறந்த நாள்முதல் ஆணியிலே தொங்கிய பழஞ்சுளகு கீழிறங்கிற்று. விளிம்பின் கட்டு ஒருபுறம் அவிழ்ந்திருந்தது. முடைவாரைத் தேடி மூன்று ஊர் சென்றேன். கட்டித் தந்த மூதாட்டி, என் மகளை அருகிருத்தி, எப்படிப் பிடிப்பது என்பதையும் காட்டித் தந்தாள். அதற்குத் தனியே கூலி வாங்க மறுத்துவிட்டாள். மகளுக்கு இப்போது புடைத்தல் ஒருவாறு கைவந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கல்லின் ஒலியைக் கேட்கவும் முயல்கின்றாள். பத்தில் ஒருமுறை கல் அகப்படுகின்றது. கொழித்தலில் மட்டும் இன்னும் பாதிச் சாமை முற்றத்திற்கே போகின்றது. எங்கள் வீட்டுக் கோழிகள் அதனைக் குறித்து முறையிடவில்லை.